ஒரு அடித்தல்கூட இல்லாத நோட்டு

மார்ச் 4

அன்புள்ள லென்ஸ்,

இப்படி நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி இரண்டு இருபது. உன் கைக்கு வரும்போது பகலாகத்தான் இருக்கும். ஆனாலும் இதைப் பகலில் உட்கார்ந்து எழுதும் தைரியம் எனக்கு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தை இப்போதுதான் கண் அயர்ந்தாள். தொட்டிலில் போட்டால் முழித்துக்கொள்வாள் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில், ஒரு கையால் எழுதுகிறேன். எழுத்து எங்கேயாவது கோணிக்கொண்டு ஓடினால் அது அவள் உதைத்தது.

நீ என்று எழுதுவதா நீங்கள் என்று எழுதுவதா என்றே கால் மணி நேரம் யோசித்தேன். உனக்கு இப்போது இருபத்தைந்து வயது ஆகியிருக்கும். எனக்கு மட்டும் நீ பதினாறிலேயே நிற்கிறாய். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் மாடி ஆய்வுக்கூடம், கோடை விடுமுறை, கழுத்தில் நாடா கட்டிய பூதக்கண்ணாடி. சாயங்காலம் பஸ் ஏறும்போதுகூட அதைக் கழற்ற மாட்டாய்.

"லென்ஸ், அதை இங்கேயே வச்சுட்டுப் போயேன்."

"தொலைஞ்சா என்னைத்தானேக்கா கேப்பீங்க? என் கழுத்துலயே இருக்கட்டும்."

அப்படித்தான் உனக்கு அந்தப் பெயர் வந்தது. உன் சொந்தப் பெயரைச் சொல்லி நாங்கள் யாராவது கூப்பிட்டோமா என்றே நினைவில்லை.

என்னை நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். மறந்திருந்தால் இன்னும் நல்லது, ஆனால் மறந்திருக்க மாட்டாய். வசதி இல்லாத பள்ளிகளில் இருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஏழு வாரம் ஆராய்ச்சி பழக்குவோமே, அதில் உனக்குப் பொறுப்பாக இருந்த ஆராய்ச்சி மாணவி நான். உன் அளவுக்கு வெள்ளைக் கோட்டு இல்லாததால் கையை மடித்து ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தவள். ஐந்தாவது வாரத்தில் "திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னவளும் நான்தான்.

ஒன்பது வருஷம் கழித்து எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். போன வாரம் ஒன்று நடந்தது.

என் மகளுக்கு மூன்று மாதம். எடை ஏறவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ், பத்து நாளைக்கு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். எத்தனை மணிக்குப் பால் குடித்தாள், எவ்வளவு நேரம், எத்தனை முறை நனைத்தாள், எல்லாம். நான் கையில் அகப்பட்டதில் எல்லாம் எழுதினேன். பழைய ரசீது, மருந்துப் பெட்டி அட்டை, ஒரு நாள் உள்ளங்கையில். போவதற்கு முந்தின நாள் அந்தக் குப்பையைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. படித்தவள், ஆராய்ச்சி செய்தவள், இப்படியா கொண்டுபோய் நீட்டுவது? புது நோட்டு ஒன்று எடுத்து, கோடு போட்டு, நீல மையில், பத்து நாளையும் அழகாகப் பெயர்த்து எழுதினேன்.

நர்ஸ் நோட்டைப் புரட்டினார். குழந்தையைத் தராசில் வைத்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார்.

"இது நேத்து ஒரே மூச்சுல உக்காந்து எழுதினதாம்மா?"

"ஆமா... இல்ல, எழுதினது நேத்துதான். ஆனா..."

"பரவால்லம்மா, பயப்படாதே. குறிச்சு வைக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. இட்டுக்கட்ட வேண்டாம். எனக்கு நிஜம்தான் வேணும்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. பைக்குள் கையை விட்டேன். நல்லவேளை, சீட்டுகளைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. மேசை மேல் கொட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "இதை முதல்லயே குடுத்திருக்கலாமே, தங்கம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் நோட்டு ஞாபகம் வந்தது. பதினெட்டுக் குவளைகள். தண்ணீர் மேல் கடுகு மாதிரி மிதக்கும் அந்தக் குட்டிச் செடி. மிதப்பில் திரிகிறது என்று அதற்கு "மிதப்பான்" என்று நாம் பெயர் வைத்தோம். ஒவ்வொரு குவளையிலும் வேறுவேறு அளவு துணி சோப்புத் தூள் கலந்து, தினம் நாலு மணிக்கு இலைகளை எண்ணுவது உன் வேலை. பேராசிரியர் ஒரு வெள்ளிக்கிழமை வந்து உன் நோட்டைக் கையில் எடுத்தார். ஐந்து வாரக் கணக்கு, ஒரே மை, ஒரு அடித்தல்கூட இல்லை. போதாததற்கு, லேசாகச் சோப்பு கலந்த குவளையில் செடி நல்ல தண்ணீரைவிட வேகமாக வளர்ந்ததாக எழுதியிருந்தாய். "இது எண்ணி எழுதினது மாதிரி தெரியலையே, நீ என்ன நினைக்கிறே?" என்று என்னைக் கேட்டார். "எனக்கும் சந்தேகமாத்தான் சார் இருக்கு" என்றேன். பதிவுகளை மாணவி இட்டுக்கட்டியதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

லென்ஸ், உனக்கும் அப்படிச் சீட்டுகள் இருந்தனவா? வீட்டுக்குப் போய்ப் பெயர்த்து எழுதினாயா? அதை மட்டுமாவது சொல்.

உன் விலாசம் தெரியாது. உன் பழைய பள்ளித் தலைமையாசிரியைக்கு எழுதி, இந்த உறையை உன்னிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சேருமா என்று தெரியவில்லை.

குழந்தை அசைகிறாள். நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 13

மேடம்,

உங்க கடிதம் ரொம்ப தூரம் அலையல. தலைமையாசிரியை மேசையில இருந்து என் மேசைக்குப் பத்தடி. நான் இந்தப் பள்ளியிலேயேதான் அறிவியல் டீச்சரா இருக்கேன், மூணு வருஷமா. "உனக்குப் பல்கலைக்கழகத்துல எல்லாம் ஆள் இருக்கா?"ன்னு கேட்டுக் குடுத்தாங்க. இருந்தாங்கன்னு சொன்னேன்.

குழந்தைக்கு எடை ஏறிச்சா? அதை எழுதாம விட்டுட்டீங்க.

கேட்டதுக்குப் பதில். ஆமா, இருந்துச்சு. பழைய பரீட்சைத் தாளோட பின்பக்கம். அங்க நின்னுக்கிட்டே எண்ணி, அடிச்சு, திருத்தி, ஈரக் கையோட எழுதுவேன். வீட்டுக்குப் போய் நோட்டுல பெயர்த்து எழுதுவேன். ஒரு அடித்தல் வந்துட்டா அந்தப் பக்கத்தையே கிழிச்சுட்டு மறுபடி எழுதுவேன். எங்க பள்ளியில ரஃப் நோட்டுன்னு ஒண்ணு, நல்ல நோட்டுன்னு ஒண்ணு. நல்ல நோட்டுல அடிச்சிருந்தா மார்க் போகும், சில டீச்சர்கிட்ட அடியும் விழும். பல்கலைக்கழகத்துல குடுத்த நோட்டு தோல் அட்டை போட்டது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்ல நோட்டு அதுதான். அதுல போய் அடிச்சுக் கிறுக்குவேனா?

நோட்டுல நேரடியாத்தான் எழுதணும், அடிச்சாலும் அப்படியே விடணும்னு நீங்க யாரும் எங்களுக்குச் சொல்லல. சொல்லாமலே தெரியும்னு நினைச்சிருப்பீங்க. உங்களுக்கும் யாராவது சொல்லித்தானே தெரிஞ்சிருக்கும்?

ரஃப் தாளை எல்லாம் என் தம்பி ராக்கெட் பண்ணி விட்டான்.

அந்த நர்ஸ் உங்களைக் கேட்டாங்க. நீங்க என்னைக் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கு வெள்ளிக்கிழமைத் தாள் என் பையிலதான் இருந்துச்சு.

இன்னொண்ணு. சோப்புத் தண்ணியில மிதப்பான் நல்லா வளரும்னு முதல் நாளே சொன்னேன். எங்க வீட்டுப் பின்னாடி வாய்க்கால்ல, அம்மா துணி துவைச்ச தண்ணி போய் விழற இடத்துலதான் அது பாய் விரிச்ச மாதிரி கிடக்கும். நீங்க சிரிச்சீங்க. கிண்டலாச் சிரிக்கல, அன்பாத்தான் சிரிச்சீங்க. அதனால அப்போ கோபம் வரல.

நீங்க கேள்வி கேட்டீங்க, நானும் ஒண்ணு கேக்குறேன். என்னை அனுப்பினப்புறம் அந்தப் பதினெட்டுக் கப்பும் ஜன்னலோரம் அங்கேயேதானே இருந்துச்சு? நீங்க எண்ணிப் பாத்தீங்களா?

கடைசியா, இது எனக்காக இல்ல. அந்த வருஷத்துக்கு அப்புறம் இந்தப் பள்ளியில இருந்து ஒருத்தரைக்கூட அந்தக் கோடைத் திட்டத்துக்குக் கூப்பிடல. நான் டீச்சர் ஆனதுல இருந்து மூணு தடவை விண்ணப்பம் அனுப்பிட்டேன். மூணு தடவையும் "இடமில்லை"ன்னு ஒரு வரி. இந்த வருஷம் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. என்னைவிடக் கெட்டிக்காரிங்க. நான் எழுதின தப்புக்கு அவங்க ஏன் வெளியே நிக்கணும்? நான் தப்பே எழுதலைங்கிறது வேற விஷயம்.

போன் நம்பர் எல்லாம் அனுப்பாதீங்க. பேசினா நான் உடனே சரின்னு சொல்லிடுவேன். எழுதினாத்தான் எனக்கு ஒழுங்காக் கோபம் வருது.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு அறிவியல் டீச்சர்


மார்ச் 21

அன்புள்ள லென்ஸ்,

எடை ஏறுகிறது. முந்நூறு கிராம். நீ கேட்பாய் என்று நினைக்கவில்லை.

இதைப் பட்டப்பகலில் எழுதுகிறேன். அடுத்த வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்கள், குழந்தையும் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் கேள்விக்கு ஐந்து நாளாக வேறுவேறு பதில் எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிந்தேன். அதனால் கிழித்துவிட்டேன்.

எண்ணினேன். செவ்வாய்க்கிழமை. யாரும் இல்லாத மத்தியான நேரம். லேசாகச் சோப்பு கலந்த ஏழாவது குவளையை முதலில் எடுத்தேன். நோட்டில் கடைசியாக, வியாழக்கிழமை, அறுபத்தொன்று என்று எழுதியிருந்தாய். உன் கணக்கு சரியாக இருந்தால் ஐந்து நாளில் தொண்ணூறைத் தாண்டியிருக்க வேண்டும். தொண்ணூற்று நான்கு இருந்தது. மறுபடி எண்ணினேன், தொண்ணூற்று நான்கு. பிறகு எட்டு, ஒன்பது. எதுவும் உன்னைப் பொய்யாக்கவில்லை. சோப்புத் தூளில் இருந்த பாஸ்பரஸ் அந்தச் செடிக்குச் சாப்பாடு என்பது அரை நாள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். உனக்கு உன் வாய்க்காலைப் பார்த்தே தெரிந்திருந்தது.

பதினெட்டையும் தொட்டியில் கொட்டிக் குவளைகளைக் கழுவி வைத்தேன்.

ஏன் என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட தாள் மேலே போய்விட்டது. அடுத்த மாதம் என் உதவித்தொகையைப் புதுப்பிக்கப் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பணத்தில்தான் வீட்டு வாடகை. அவரிடம் போய், நானும் நீங்களும் சேர்ந்து ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டோம் சார் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் உன்னை மாதிரி வீட்டிலிருந்து வந்தவள்தானே என்று நினைத்து அழுதேன். அழுததோடு முடித்துக்கொண்டேன். போன கடிதத்தில், எனக்கு இப்போதுதான் புரிந்த மாதிரி எழுதினேன் அல்லவா? நோட்டை நீ ஏன் அப்படி எழுதினாய் என்பதுதான் இப்போது புரிந்தது. நீ பொய் சொல்லவில்லை என்பது அந்தச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.

அந்தக் கோடையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். லிஃப்டில் முதல் முறை ஏறிவிட்டு, "இன்னொரு ரவுண்டு போலாமாக்கா?" என்று நீ கேட்டது. நாலு மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து பதினெட்டுக் குவளையும் பச்சை விளக்கு மாதிரி எரியும், அப்போது நீ யாரையும் பேச விட மாட்டாய். "எண்ணிட்டிருக்கேன்ல!" என்று பேராசிரியரையே ஒரு தடவை அதட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய். இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். கதையை ஐந்தாவது வாரத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவேன். என் கணவருக்கும் மிச்சம் தெரியாது. நேற்றுச் சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

உன் பள்ளி பட்டியலில் இல்லாதது எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. இந்த வருஷப் பட்டியல் ஏப்ரல் முப்பதாம் தேதி மூடுகிறது. நான் இன்னும் அந்தத் துறையில்தான் ஒப்பந்த ஆய்வாளராக இருக்கிறேன், ஜூனில் விடுப்பு முடிகிறது, ஒப்பந்தமும் அப்போதுதான் புதுப்பிக்க வேண்டும். திட்டக் குழுவுக்குத் தலைவர் இன்றைக்கும் அதே பேராசிரியர். என்ன நடந்தது என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். கூடவே நீயும் ஒரு பக்கம் எழுதித் தந்தால் பலமாக இருக்கும். உன் வாயால் சொன்னது என்று இருந்தால் அவர்களால் தட்ட முடியாது. தருவாயா?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

மேடம்னு ஆரம்பிச்சேன், கை தானா இதை எழுதிடுச்சு. இருந்துட்டுப் போகட்டும். அதுக்காகக் கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க.

தொண்ணூத்து நாலுன்னு படிச்சதும் வகுப்பை விட்டு வெளியே வந்து நின்னுட்டேன். பசங்க "டீச்சர், உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க. ஒரு கணக்கு சரியா வந்துடுச்சுன்னு சொன்னேன்.

நான் எழுதித் தர மாட்டேன்.

பிடிவாதம் இல்ல. ஏன்னு சொல்றேன். "திங்கட்கிழமையில இருந்து வர வேண்டாம்"னு நீங்க சொன்னீங்கல்ல, அதை நான் வீட்டுல சொல்லல. அம்மா ஒரு ஆஸ்பத்திரியில துணி துவைக்கிறாங்க. அங்க எல்லார்கிட்டயும், டாக்டர்கிட்டகூட, "என் பொண்ணு பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்றா"ன்னு சொல்லி வச்சிருந்தாங்க. அவங்ககிட்டப் போய் என்னன்னு சொல்றது? திங்கட்கிழமை காலையில எப்பவும் போலக் கிளம்பினேன். அதே பஸ். உங்க கேட்டுக்கு எதிர்ல இறங்கினேன். உள்ள போக முடியாது. பஸ் ஸ்டாப்புல உக்காந்தேன். சாயங்காலம் அதே பஸ்ல வீட்டுக்குப் போனேன். செவ்வாயும் அப்படித்தான். ரெண்டு வாரம், பத்து நாள். திட்டம் முடியற தேதி வரைக்கும். தினம் சாயங்காலம் அம்மா "இன்னைக்கு எத்தனை எலை?"ன்னு கேப்பாங்க. நான் ஒரு எண் சொல்லுவேன். அக்கா, அந்தப் பத்து நாள்தான் நான் நிஜமாவே இட்டுக்கட்டினேன்.

அந்த ஸ்டாப்புல பூ மரம் ஒண்ணு இருக்கும், ஞாபகம் இருக்கா? எனக்கு அதோட ஒவ்வொரு கிளையும் தெரியும்.

அதனாலதான் எழுத மாட்டேன்னு சொல்றேன். நான் பொய் சொல்லலைன்னு நானே இன்னொரு தடவை அந்த ஆளுங்க முன்னாடி தாள் நீட்டணுமா? தப்பு பண்ணினவங்க எழுதட்டும். எழுதினா எழுதுங்க, எழுதலைன்னா விட்டுடுங்க. ஆனா "அவளும் சொன்னா"ன்னு என்னைப் பின்னாடி நிக்க வச்சுக்கிட்டு எழுதாதீங்க.

உங்க வேலை போயிடுமோன்னு பயமா இருக்குல்ல? நீங்க எழுதாட்டியும் தெரியுது. கைக்குழந்தையோட அது சின்ன விஷயம் இல்ல. அதையும் யோசிச்சுத்தான் இதை எழுதுறேன். ரெண்டு நாள் யோசிச்சேன். என்ன பண்றது, எந்தப் பக்கம் யோசிச்சாலும் என் ரெண்டு பொண்ணுங்கதான் கண்ணு முன்னாடி வர்றாங்க.

எல்லாத்தையும் திட்டி எழுதிட்டேன், ஒண்ணு சொல்லாம முடிச்சா அது பொய்யாயிடும். அந்த அஞ்சு வாரம் நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். அலமாரியில ஒரு தட்டு, அதுல என் பேரு. எங்க வீட்டுல எனக்குன்னு ஒரு ஆணி கூடக் கிடையாது, அக்கா. மழை பெஞ்ச அன்னைக்குக் கரண்ட் போய், நீங்களும் நானும் டார்ச் அடிச்சுக்கிட்டு எண்ணினோமே? நீங்க "முப்பத்தெட்டு"ன்னீங்க, நான் "முப்பத்தொம்பது, ஒண்ணு குட்டி போட்டுட்டிருக்கு, தெரியல?"ன்னேன். நீங்க குனிஞ்சு பாத்துட்டு, "உன் கண்ணு என் கண்ணைவிட நல்ல கண்ணுடி"ன்னீங்க. நான் டீச்சர் ஆனதுக்கு வேற காரணம் எல்லாம் பேட்டியில சொன்னேன். நிஜக் காரணம் அந்த டார்ச் வெளிச்சம்தான்.

இப்படிக்கு,
லென்ஸ்


ஏப்ரல் 18

அன்புள்ள லென்ஸ்,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், காக்க வைக்கவில்லை. உன் பள்ளி பட்டியலில் சேர்ந்துவிட்டது. இரண்டு இடம்.

இனி மற்றதைச் சொல்கிறேன். நான்கு பக்கம் எழுதினேன். ஏழாவது குவளை, செவ்வாய்க்கிழமை, தொட்டியில் கொட்டியது, எல்லாம். உன்னைப் பற்றி, நீ சரியாக எண்ணினாய் என்ற ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, தூக்கிக்கொண்டே போனேன். பேராசிரியர் படித்து முடிக்கும் வரை அவள் அவருடைய மேசை மணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது வருஷம் கழிச்சு இதை எதுக்கும்மா கிளறுறே?"

"அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் வெளியே நிக்குது சார்."

"அந்தப் பொண்ணு ஏதாவது புகார் எழுதியிருக்காளா?"

"இல்ல சார். அவ எழுத வேண்டியதில்ல."

"அப்போ உன் வார்த்தை மட்டும்தான்."

"அன்னைக்கும் என் வார்த்தை மட்டும்தான் சார். அதை வச்சுத்தானே அவளை அனுப்பினோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நானும் ஒரு கப்பை எண்ணியிருக்கலாம்" என்றார். அவருக்கு ரொம்ப வயதாகிவிட்டது, லென்ஸ். எனக்கு அதுவரை தெரியவில்லை.

குழு கூடியது. உன் மேல் எழுதியிருந்த குறிப்பை நீக்கி, தவறு என் பெயரில் என்று பதிந்துவிட்டார்கள். அந்தத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். என் விஷயத்தில், பள்ளி மாணவர்களுக்குப் பொறுப்பாக இனி நான் இருக்கக் கூடாது என்று முடிவு. ஒப்பந்தத்தை ஜூனில் பார்க்கலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?" என்றார் இவர்.

"பார்க்க மாட்டாங்கன்னு அர்த்தம்."

"சரி, அதையும் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். பயமாகத்தான் இருக்கிறது. மறைக்கவில்லை. அவர் ஒருவர் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

பேராசிரியர் அறையிலிருந்து வந்த பிறகு நம் பழைய அறைக்குப் போனேன். இப்போது அது கணினி அறை. ஜன்னல் மட்டும் அப்படியே. அங்கிருந்து பார்த்தால் வாசல், சாலை, பஸ் நிறுத்தம், அந்த மரம், எல்லாம் நேராகத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை அந்த ஜன்னலோரம் நின்றுதான் உன் குவளைகளை எண்ணினேன். தலையைத் தூக்கியிருந்தால் நீ தெரிந்திருப்பாய். இதற்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

உன் பெண்களுக்கு இந்த முறை பொறுப்பாக இருக்கப்போவது ஒரு புது ஆராய்ச்சி மாணவர். நல்ல பையன்தான், மூச்சு விடாமல் பேசுகிறான், எல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் அப்படித்தான் இருந்தேன். வியாழக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உட்கார வைத்து, முதல் நாள் என்னென்ன சொல்ல வேண்டும், எதையெதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித் தரப் போகிறேன். அது யாரும் எனக்குத் தடை போடாத வேலை.

ஆனால் அந்த இரண்டு பெண்களையும் எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். அவர்கள் வீட்டில் இருந்து வர எத்தனை பஸ் மாற வேண்டும், யார் சத்தமாகப் பேசினால் வாயை மூடிக்கொள்வாள், புரியாவிட்டாலும் தலையாட்டுகிறவள் யார், எதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், எல்லாவற்றையும் எழுது. அவர்கள் பெயரையும் எழுது. பட்டியல் முப்பதாம் தேதி மூடுகிறது, அதற்கு முன்னால் பெயர்கள் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா